தன்னம்பிக்கையா, வினைத்திட்பமா? புதிய தலைமையாசிரியர்களுக்கான பணித்திறன் மேம்பாடு: ஒரு திறனாய்வு (பொழிச்சலூர் வட்டாரச் சூழலை முன்வைத்து)

ஆய்வுச் சுருக்கம்

அரசுப் பள்ளிகளில் முதன்முறையாகத் தலைமைப் பொறுப்பேற்கும் ஆசிரியர்களிடம் நம்பிக்கையை வளர்ப்பது பணித்திறன் மேம்பாட்டுப் பயிற்சிகளின் நோக்கங்களுள் ஒன்றாகக் கூறப்படுகிறது. ஆயினும் அந்நம்பிக்கை எதைப் பற்றியது, எவ்வழியில் பிறக்கிறது என்னும் வினாக்கள் தெளிவாக எழுப்பப்படுவதில்லை. நம்பிக்கையைப் பொதுவான மனநிலையாகக் கருதும் போக்கையும், குறிப்பிட்ட வினையோடு பிணைந்த திறன்சார் நம்பிக்கையாகக் கருதும் போக்கையும் இக்கட்டுரை வேறுபடுத்துகிறது. ஆல்பர்ட் பந்துராவின் கோட்பாடு, தேசியப் பள்ளித் தலைமைத்துவ மையத்தின் 2014ஆம் ஆண்டுச் சட்டகம், திருக்குறளின் பொருட்பால் அதிகார வைப்புமுறை ஆகியவற்றின் துணையோடு, பொழிச்சலூர் போன்ற சென்னைப் புறநகர் ஊராட்சிப் பகுதியின் பள்ளிச் சூழலை வினைக்களமாகக் கொண்டு இத்திறனாய்வு அமைகிறது. பயிற்சி வினையைச் சுற்றி அமைதல் வேண்டும் என்பதும், பயிற்சியால் மட்டுமே தீராத நிருவாகக் குறைகளைப் பயிற்சியின் பெயரால் மறைத்தல் கூடாது என்பதும் இதன் முடிபுகள்.

குறிச்சொற்கள்: தலைமையாசிரியர், பணித்திறன் மேம்பாடு, தன்திறன் நம்பிக்கை, வினைத்திட்பம், அடுக்குமுறைப் பயிற்சி, பொழிச்சலூர், பள்ளி மேலாண்மைக் குழு.

முன்னுரை

‘தலைமையாசிரியர்’ என்னும் சொல்லிலேயே ஒரு முரண் பொதிந்துள்ளது. ஆசிரியர்களுள் ஒருவராக இருந்துகொண்டே அவர்களுக்குத் தலைமை தாங்குபவர் என்பது அச்சொல்லின் பொருள். இலங்கையில் அதே பொறுப்பை வகிப்பவர் ‘அதிபர்’ எனப்படுகிறார். இலங்கை அதிபர் சேவை ஆசிரியர் சேவையினின்றும் வேறான தனிச் சேவையாக அமைந்துள்ளது. தமிழ்நாட்டின் அரசுப் பள்ளிகளிலோ, நேற்று வரை உடன் பணிபுரிந்தவர் இன்று தலைவராகிறார். இம்மாற்றம் பெரும்பாலும் பணிமூப்பின் அடிப்படையிலான பதவி உயர்வு ஆணையாலும் கலந்தாய்வாலும் நிகழ்கிறது. ஆணை கிடைத்த நாளுக்கும் பொறுப்பேற்கும் நாளுக்கும் இடையில் கற்றுக்கொள்ளுதற்கெனக் காலம் ஒதுக்கப்படுவதில்லை.

இவ்விடைவெளியை நிரப்புவதாகக் கூறப்படுவது பயிற்சி. அப்பயிற்சிகளில் மிகுதியாகக் கேட்கப்படும் சொல் தன்னம்பிக்கை. இக்கட்டுரை அச்சொல்லின் பயன் எல்லையை ஆராய்கிறது. புதிய தலைமையாசிரியரின் நம்பிக்கை அவருடைய தனிநலம் சார்ந்த செய்தி மட்டுமன்று. அவர் தயங்கும் இடத்தில் ஒரு குழந்தையின் சேர்க்கை தள்ளிப்போகிறது. அவர் அஞ்சும் கூட்டத்தில் ஒரு தாயின் கேள்வி விடையின்றிப் போகிறது. எனவே இதனை மாணவர் உரிமை சார்ந்த சிக்கலாகவே காணுதல் வேண்டும்.

1. தன்னம்பிக்கை என்னும் சொல்லாடல்

தமிழில் தன்னம்பிக்கை என்பது ஓர் எழுத்து வகையின் பெயராகவே நிலைபெற்றுவிட்டது. எம்.எஸ். உதயமூர்த்தியின் ‘எண்ணங்கள்’, இல.செ. கந்தசாமி நிறுவிய ‘தன்னம்பிக்கை’ இதழ் ஆகியவை இவ்வகைமையைப் பரவலாக்கியவற்றுள் குறிப்பிடத்தக்கன. படிப்பும் வேலையும் தேடிப் புறப்பட்ட முதல் தலைமுறை இளைஞர்களுக்கு இவ்வெழுத்துகள் ஆற்றிய பணியைக் குறைத்து மதிப்பிட இயலாது. எண்ணம் மாறினால் வாழ்வு மாறும் என்னும் கருத்து அவர்களுக்குத் தேவைப்பட்டது.

ஆனால் இதே மொழி தலைமையாசிரியர் பயிற்சிக்குள் நுழையும்போது பொருத்தம் குறைகிறது. பல ஆண்டுகள் வகுப்பறையில் நின்று, பல நூறு மாணவர்களைக் கண்ட ஆசிரியருக்குப் பொதுவான தன்னம்பிக்கை குறைவாக இருக்கும் எனக் கொள்வதற்கு அடிப்படை இல்லை. அவர் பாடம் நடத்த அஞ்சுபவர் அல்லர். ஊதியப் பட்டியலில் கையொப்பமிடும்போதும், மூத்த ஆசிரியர் ஒருவரின் வகுப்பை உற்றுநோக்க நுழையும்போதும், ஊராட்சித் தலைவரிடம் குடிநீர் இணைப்பு கேட்கும்போதும் அவர் தயங்குகிறார். அத்தயக்கம் மனத்தின் பொதுக்குறை அன்று. முன்பு செய்தறியாத வினையின்முன் எழும் இயல்பான தயக்கம். அதற்கு ஊக்க உரை மருந்தாகாது.

இவ்வேறுபாட்டைக் கோட்பாட்டு நிலையில் தெளிவுபடுத்தியவர் ஆல்பர்ட் பந்துரா. 1977இல் அவர் முன்வைத்த தன்திறன் நம்பிக்கைக் கோட்பாடு, ஒருவர் தமக்குக் குறிப்பிட்ட செயலைச் செய்து முடிக்கும் ஆற்றல் உண்டென்று கொள்ளும் துணிபைப் பற்றியது. பொதுவழக்கிலுள்ள நம்பிக்கை என்னும் சொல் துணிபின் வலிமையை மட்டுமே சுட்டுகிறது, எதைப் பற்றிய துணிபு என்பதைச் சுட்டுவதில்லை எனப் பின்னாளில் அவரே பிரித்துக் காட்டியுள்ளார். தன்மதிப்பு மிக்க ஒருவர் ஒரு குறிப்பிட்ட செயலில் திறன் நம்பிக்கை அற்றவராக இருக்கலாம்; இதன் மறுதலையும் உண்மையே. தமிழில் இரண்டையும் ‘தன்னம்பிக்கை’ எனவே வழங்குவதால், கோட்பாடு மொழிபெயர்ப்பிலேயே தன் கூர்மையை இழந்துவிடுகிறது.

பந்துராவின் கருத்தைப் பள்ளித் தலைமைக்குப் பொருத்திய மேகன் சானென்-மோரன், கிறிஸ்டபர் கேரிஸ் ஆகியோர் 2004இல் உருவாக்கிய அளவுகோல் 18 கூறுகளைக் கொண்டது. மேலாண்மை, கற்பித்தல் தலைமை, அறத்தலைமை என மூன்று பரப்புகளில் தலைமையாசிரியரின் திறன் நம்பிக்கையை அது தனித்தனியே அளக்கிறது. ஒருவர் ஒரு பரப்பில் வலுவாகவும் மற்றொன்றில் தளர்ந்தும் இருக்கலாம் என்பதே இப்பகுப்பின் உட்பொருள். ஆகவே, ‘புதியவர்களுக்கு நம்பிக்கையூட்டல்’ என்னும் ஒற்றைத் தலைப்பு ஆய்வு நோக்கில் போதாது. எவ்வினையில் என்னும் வினா அதனோடு சேர்தல் வேண்டும்.

2. புதிய தலைமையாசிரியர் உருவாகும் முறை

குழந்தைகளுக்கான இலவச, கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009 (நடைமுறை: 1.4.2010) தன் அட்டவணையில் தலைமையாசிரியர் பணியிடம் பற்றிக் குறிப்பிடுகிறது. 1 முதல் 5 வரையிலான வகுப்புகளில் மாணவர் எண்ணிக்கை 150ஐக் கடக்கும்போதே ஆசிரியர்களுக்கு மேலாகத் தலைமையாசிரியர் ஒருவர் கூறப்படுகிறார். 6 முதல் 8 வரையிலான வகுப்புகளில் 100க்கு மேற்பட்ட மாணவர் இருப்பின் முழுநேரத் தலைமையாசிரியர் வேண்டும் என்கிறது. எனவே சிறிய தொடக்கப் பள்ளிகளில் தலைமையாசிரியர் என்பவர் வகுப்பு ஆசிரியரும் ஆவார். கரும்பலகைக்கும் பதிவேட்டுக்கும் இடையே அவர் நாள் பகுபடுகிறது.

பதவி உயர்வுக்குரிய தகுதியும் இன்று விவாதப் பொருளாகியுள்ளது. ஆசிரியர் தகுதித் தேர்வு பணி நியமனத்திற்கு மட்டுமன்றிப் பதவி உயர்வுக்கும் வேண்டும் என உச்ச நீதிமன்றம் 1.9.2025 அன்று தீர்ப்பளித்தது. இத்தீர்ப்பின் பணிசார் விளைவுகள் இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டவை. ஆயினும் ஒன்றைச் சுட்டுதல் தகும். அத்தேர்வு குழந்தை மேம்பாடு, கற்பித்தல் முறை, பாட அறிவு ஆகியவற்றைச் சோதிப்பது. தலைமைப் பணிக்குரிய எதையும் சோதிப்பதன்று. பணிமூப்போ தகுதித் தேர்வோ எதன் வழியாக வந்தாலும், தலைமைப் பணியைப் பற்றிய ஆயத்தம் இன்றியே ஒருவர் அந்நாற்காலியில் அமர்கிறார்.

பதவி உயர்வு தடைப்படும் காலங்களில் பணியிடம் பொறுப்புத் தலைமையாசிரியரால் நிரப்பப்படுகிறது. அவரிடம் கடமை முழுமையாக உண்டு. நிலைத்த உரிமை இல்லை. நாளை மற்றொருவர் வரக்கூடும் என்னும் எண்ணம் அவரையும் உடன் பணியாற்றுவோரையும் ஒருசேரக் கட்டுப்படுத்துகிறது. நம்பிக்கை பற்றிய எந்தப் பயிற்சியும் இந்நிலையைக் கணக்கில் கொள்ளாவிடின் அது காகிதப் பயிற்சியாகவே நிற்கும்.

பிற நாடுகள் இவ்விடைவெளியை வெவ்வேறு வகையில் கையாண்டுள்ளன. இங்கிலாந்தில் தலைமையாசிரியர்களுக்கான தேசியத் தகுதிப் படிப்பு 1997இல் அறிமுகமாகி, 2009இல் முதன்முறை பொறுப்பேற்போர்க்குக் கட்டாயமாக்கப்பட்டு, 2012இல் மீண்டும் விருப்பத்திற்கு விடப்பட்டது. சிங்கப்பூரில் தேசியக் கல்விக் கழகம் 2001 முதல் நடத்திவரும் தலைமைத்துவப் படிப்பு, முதல்வராகும் முன்னரே முழுநேரமாகப் பயில்வது. இங்கிலாந்தின் தடுமாற்றம் ஓர் உண்மையை உணர்த்துகிறது: சான்றிதழைக் கட்டாயமாக்குவது எளிது, அதனைப் பணியோடு பிணைப்பதே கடினம்.

3. வினைக்களமாகப் பொழிச்சலூர் வட்டாரம்

தலைமைத்துவப் பயிற்சிக் கையேடுகளில் பள்ளி என்பது ஊர்ப்பெயர் அற்ற பொதுவான இடமாகவே தோன்றுகிறது. ஆனால் தலைமைப் பணி ஓர் ஊரில் நிகழ்வது. செங்கல்பட்டு மாவட்டத்தின் பொழிச்சலூரை எண்ணிப் பார்க்கலாம். பம்மல், அனகாபுத்தூர் ஆகியவற்றை அடுத்து, விமான நிலையத்திற்கு அணித்தாக, அடையாற்றங்கரையை ஒட்டி அமைந்த ஊர் இது. 2021 நவம்பரில் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் இணைத்துத் தாம்பரம் மாநகராட்சி உருவானபோது, பொழிச்சலூர் அதனுள் சேராமல் ஊராட்சியாகவே நின்றது. வீடுகளின் நெருக்கத்தால் நகரம்; ஆட்சி அமைப்பால் ஊராட்சி.

இந்நிலை புதிய தலைமையாசிரியருக்கு என்ன வினைகளை முன்வைக்கிறது? எடுத்துக்காட்டாக நான்கினைக் காணலாம். இவை எந்த ஒரு தனிப் பள்ளியையும் சுட்டுவன அல்ல. இத்தகு வட்டாரத்தில் எந்தப் பள்ளியிலும் எழக்கூடியவை.

முதலாவது, ஆவணமற்ற குழந்தையின் சேர்க்கை. நாகல்கேணி, பம்மல் பகுதிகளின் தோல் தொழில், புறநகர் முழுவதும் நிகழும் கட்டுமானப் பணி ஆகியவற்றை நாடிக் குடும்பங்கள் வருகின்றன. பணி முடிந்ததும் இடம் பெயர்கின்றன. கல்வியாண்டின் இடையில், பிறப்புச் சான்றும் மாற்றுச் சான்றிதழும் இன்றி ஒரு குழந்தை வாயிலில் நிற்கிறது. வயதுச் சான்று இல்லை என்பதற்காகச் சேர்க்கை மறுத்தல் ஆகாது எனச் சட்டத்தின் 14ஆம் பிரிவு கூறுகிறது. மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமாவதும் சேர்க்கையை மறுக்கக் காரணமாகாது என்கிறது 5ஆம் பிரிவு. இதனை அறிந்த தலைமையாசிரியர் அன்றே பதிவேட்டில் பெயர் எழுதுகிறார். அறியாதவர், ‘மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறேன்’ என்கிறார். அந்தத் தாய் மீண்டும் வருவார் என்பதற்கு உறுதி இல்லை.

இரண்டாவது, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம். சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர் அல்லது பாதுகாவலர்; உறுப்பினருள் பாதிப் பேர் பெண்கள். பள்ளி வளர்ச்சித் திட்டம் வகுத்தல் இக்குழுவின் கடமை. வகுப்பறையில் குழந்தைகள்முன் பேசிப் பழகியவருக்கு, கேள்வி கேட்கும் உரிமையுடைய பெரியவர்கள்முன் பேசுதல் வேறு கலை. தீர்மானப் பதிவேட்டை முன்கூட்டியே எழுதிக் கையொப்பம் மட்டும் பெறும் வழக்கம் எங்கேனும் தோன்றுமாயின், அதற்குக் காரணம் தீய எண்ணமாகவே இருக்க வேண்டியதில்லை. விவாதத்தை நடத்தத் தெரியாத அச்சமாகவும் இருக்கலாம்.

மூன்றாவது, எல்லைக்கோட்டின் சிக்கல். சில தெருக்கள் கடந்தால் மாநகராட்சி, இப்பக்கம் ஊராட்சி. சுற்றுச்சுவர், குடிநீர், கழிப்பறைத் தூய்மை, மழைநீர் வடிகால் ஆகியவற்றுக்கு எந்த அலுவலகத்தை, எந்த வடிவிலான விண்ணப்பத்தோடு அணுகுவது என்பது பக்கத்து ஊரில் பணிபுரிந்து வந்தவருக்கும் புதிதாகவே இருக்கும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாற்றங்கரைக் குடியிருப்புகள் மூழ்கிய பின்னர், பதிவேடுகளை உயரத்தில் பாதுகாப்பது முதல் கனமழை எச்சரிக்கை வரும் நாளில் பெற்றோருக்குச் செய்தி சேர்ப்பது வரை இங்குத் தலைமைப் பணியின் பகுதியாகிறது.

நான்காவது, நேற்றைய உடன்பணியாளரின் வகுப்பை உற்றுநோக்கல். இதில் அறிவுக் குறை இல்லை. உறவுச் சிக்கலே உண்டு. ‘சார்’, ‘டீச்சர்’ என ஒரே தட்டில் அழைத்துக்கொண்டவர்களுள் ஒருவர் மற்றவரின் கற்பித்தலைப் பற்றிக் கருத்துக் கூறுதல் வேண்டும். வயதில் மூத்தவரின் வகுப்புக்கு இளையவர் செல்லும்போது இது மேலும் கடினமாகிறது.

இந்நான்கு வினைகளும் வெவ்வேறு வகை அறிவைக் கோருகின்றன: முதலாவது சட்ட அறிவை, இரண்டாவது அவைத் திறனை, மூன்றாவது வட்டார அறிவை, நான்காவது உறவு நுண்மையை. ஒரே வகைப் பயிற்சி இந்நான்கினையும் தருதல் அரிது.

4. 2014ஆம் ஆண்டுச் சட்டகம்: நிறையும் குறையும்

புது தில்லியில் உள்ள தேசியக் கல்வித் திட்டமிடல் மற்றும் நிருவாக நிறுவனத்தில் 2012இல் தேசியப் பள்ளித் தலைமைத்துவ மையம் நிறுவப்பட்டது. இம்மையம் 2014இல் வெளியிட்ட தேசிய நிகழ்ச்சித்திட்ட வடிவமைப்பும் கலைத்திட்டச் சட்டகமும் இந்தியாவில் தலைமையாசிரியர் பயிற்சிக்கான அடிப்படை ஆவணமாகக் கொள்ளத்தக்கது. தன்னை வளர்த்தல், கற்றல் கற்பித்தலை மாற்றியமைத்தல், குழுவை உருவாக்கி வழிநடத்தல், புத்தாக்கங்களுக்குத் தலைமை தாங்கல், கூட்டுறவுகளை வளர்த்தல் முதலியன அதன் முதன்மைப் பரப்புகள்.

இச்சட்டகத்தின் நிறைகள் தெளிவானவை. தலைமையாசிரியரை ஆணைகளை நிறைவேற்றும் அலுவலராக மட்டும் காணாமல் மாற்றத்தின் முகவராகக் காண்கிறது. ஒருமுறைப் பயிற்சியாக நில்லாமல் தொடர் ஈடுபாடாக அமைய வேண்டும் என்கிறது. ‘தன்னை வளர்த்தல்’ என்பதைத் தனிப் பரப்பாக ஏற்றிருப்பதும் குறிப்பிடத்தக்கது.

குறை, இப்பரப்புகள் தலைவரின் பண்புகளாக வைக்கப்பட்டுள்ள முறையில் உள்ளது. நன்னூலின் பொதுப்பாயிரம் ஆசிரியருக்கு நிலம், மலை, நிறைகோல், மலர் ஆகியவற்றை உவமையாக்குவதைத் தமிழாய்வாளர் அறிவர். அது ஆகிமுடிந்த ஆசிரியரின் இலக்கணம். ஆகும் வழியைச் சொல்வதன்று. எனினும் பவணந்தியார் அத்துடன் நின்றுவிடவில்லை. பாடம் சொல்லும் முறையையும் கேட்கும் முறையையும் தனித்தனியே வகுத்தார். பண்பின் இலக்கணத்தை அடுத்து வினையின் இலக்கணமும் வருகிறது. 2014ஆம் ஆண்டுச் சட்டகம் முன்னதில் செலுத்திய கவனத்தைப் பின்னதில் அதே அளவுக்குச் செலுத்தவில்லை என்பதே இக்கட்டுரையின் மதிப்பீடு. குழுவை வழிநடத்தும் பண்பைப் பற்றிப் பயின்றவர், தம் முதல் ஆசிரியர் கூட்டத்தை எவ்வாறு தொடங்குவது என்பதைத் தாமே கண்டறிய வேண்டியுள்ளது.

அடுத்தது, பயிற்சி கீழிறங்கும் வழி. மாநில அளவில் முதன்மைக் கருத்தாளர், மாவட்ட அளவில் கருத்தாளர், அங்கிருந்து வட்டார வள மையம் என்னும் அடுக்குமுறை, பெருந்தொகையினரை விரைவில் சென்றடைய உதவுகிறது. செய்தியைக் கடத்த இம்முறை ஏற்றது. செய்திறனைக் கடத்த ஏற்றதன்று. கைமாறும் ஒவ்வொரு நிலையிலும் எஞ்சுவது கருத்துப்படங்களும் கையேடும். கழிவது கேள்வியும் ஐயமும் தவறிக் கற்கும் வாய்ப்பும். கருத்தாளரே தலைமைப் பணி ஆற்றாதவராக இருக்கும்போது இவ்விழப்பு பெருகுகிறது.

2020ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கை, பள்ளித் தலைவர்கள் ஆண்டுக்கு 50 மணி நேரம் அல்லது அதற்கு மேல் பணித்திறன் மேம்பாட்டில் பங்கேற்க வேண்டும் என்கிறது. அக்கொள்கையை ஏற்காத தமிழ்நாடு 8.8.2025 அன்று தனக்கெனக் கல்விக் கொள்கையை வெளியிட்டது. கொள்கை எதுவாயினும் மணிக்கணக்கால் அளக்கும் பழக்கம் பொதுவான இடராகும். 50 மணி நேரம் என்பது அமர்ந்த நேரத்தின் அளவு. ஆவணமற்ற குழந்தையைச் சேர்க்கும் துணிவு அம்மணிக்கணக்கில் இடம்பெற்றதா என்பதை அவ்வெண் காட்டாது.

5. நம்பிக்கையின் நான்கு ஊற்றுகளும் பயிற்சியும்

பந்துரா திறன் நம்பிக்கைக்கு நான்கு ஊற்றுகளைக் கூறுகிறார்: தாமே செய்து வென்ற பட்டறிவு, தம்மை ஒத்தவர் செய்வதைக் காணல், பிறர் சொல்லும் ஊக்கம், உடல்–மன நிலை. இவற்றுள் முதலாவதே வலிமை மிக்கது. சொல்லால் வரும் ஊக்கம் அதனினும் வலிமை குறைந்தது. செயலில் தோல்வி நேரின் விரைவில் கரைந்துபோவது.

இவ்வரிசையைப் பயிற்சி அரங்கின் நடைமுறையோடு ஒப்பிட்டால் ஒரு தலைகீழ் அமைப்பு புலனாகிறது. கருத்தரங்க அறையில் கருத்தாளர் பேசுவதும் பங்கேற்பாளர் கேட்பதும் மூன்றாம் ஊற்றைச் சார்ந்தவை. வெற்றிபெற்ற பள்ளிகளின் காணொலிகள் இரண்டாம் ஊற்றைச் சார்ந்தவை. ஆனால் அவற்றில் தோன்றுபவர் பெரும்பாலும் புகழ்பெற்றவர். பல்லாண்டு உழைப்பின் முடிவில் நிற்பவர். காண்பவருக்கு அவர் ‘நம்மைப் போன்றவர்’ எனத் தோன்றாவிடின் காட்சி ஊக்கத்திற்கு மாறாகத் தாழ்வுணர்ச்சியைத் தரக்கூடும். ஓராண்டுக்கு முன் பொறுப்பேற்று, இரண்டு தவறுகள் செய்து, ஒன்றைத் திருத்திக்கொண்ட பக்கத்துப் பள்ளித் தலைமையாசிரியரே புதியவருக்கு ஏற்ற முன்மாதிரி. நான்காம் ஊற்றான உடல்–மன நிலையும் புறக்கணிக்கத்தக்கதன்று. 25.8.2023 முதல் தமிழ்நாட்டின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்திற்கும் விரிவாக்கப்பட்ட காலை உணவுத் திட்டம் குழந்தைகளுக்கு அளித்த நன்மை பெரிது. அதேவேளை பள்ளியின் நாள் இன்னும் முன்னதாகத் தொடங்குகிறது. எமிஸ் தளத்தின் பதிவுகள் மாலையிலும் தொடர்கின்றன. களைத்த உடலில் துணிவு நிலைப்பதில்லை. வேலைச்சுமையைக் குறைக்காமல் நம்பிக்கையைக் கூட்ட முயல்வது பந்துராவின் கோட்பாட்டின்படியே பயன் குன்றிய முயற்சியாகும்.

6. மரபில் வினைத்திட்பம்

திருக்குறளின் பொருட்பாலில் வினைத்தூய்மை (66), வினைத்திட்பம் (67), வினைசெயல்வகை (68) ஆகிய மூன்றும் அடுத்தடுத்து நிற்கின்றன. வினைத்திட்பத்தை மனத்திட்பமாகவே வள்ளுவர் காண்கிறார். எனவே அதனை மனத்தினின்றும் பிரித்து வெறும் செயலாகக் கொள்வது பொருந்தாது. ஆயினும் அம்மனத்திட்பத்திற்கு அவர் இடும் பெயர் வினையைக் கொண்டே அமைகிறது. முன்னே வினையின் தூய்மையும் பின்னே வினை செய்யும் வகையும் நிற்க, இடையில் திட்பம் நிற்கிறது. உறுதி என்பது எதன்மீது, எந்நெறியில், எம்முறையில் என்னும் வினாக்களினின்றும் விலக்கி நிறுத்தப்படவில்லை.

இதனினும் பொருத்தமான சான்று அவை பற்றிய அதிகாரங்களின் வைப்பு. அவையறிதல் (72) முன்னும் அவையஞ்சாமை (73) பின்னும் வைக்கப்பட்டுள்ளன. அவையை அறிந்த பின்னரே அவைக்கு அஞ்சாமை பேசப்படுகிறது. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்திற்கு இதனைப் பொருத்தினால், ‘அஞ்சாதீர்கள்’ என்னும் அறிவுரைக்கு முன், குழுவில் இருப்போர் யார், எவ்வேலை செய்வோர், எந்நேரத்தில் வர இயல்வோர் என்னும் அறிவு வேண்டும் என்பது தெளிவாகிறது. அரசியலில் இடம்பெறும் பெரியாரைத் துணைக்கோடல் (45), இன்றைய பயிற்சி வழக்கில் வழிகாட்டுநர் முறை எனப்படுவதன் பழைய வடிவமாகக் கொள்ளத்தக்கது. ஆட்சி செய்வோனுக்கே துணை வேண்டும் என்பதால், துணை நாடல் வலுவின்மையின் அடையாளம் ஆகாது. ஐயம் கேட்பதே திறமைக் குறைவாகக் கருதப்படும் அலுவலகச் சூழலில் இக்கருத்து நினைவுகூரத்தக்கது.

அண்மைக்கால வரலாற்றிலும் ஒரு சான்று உண்டு. நெ.து. சுந்தரவடிவேலு பொதுக் கல்வி இயக்குநராக இருந்தபோது, 1950களின் இறுதியில், அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தின் கடம்பத்தூர்ப் பகுதியில் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு இயக்கம் தமிழகம் முழுவதும் பரவியது. ஒவ்வொரு பள்ளியின் தேவையும் பட்டியலிடப்பட்டது. ஊரார் பொருளும் உழைப்பும் தந்தனர். மாநாட்டில் அவை பொதுவில் அறிவிக்கப்பட்டன. அது தலைமைத்துவப் பயிற்சி எனப் பெயரிடப்படவில்லை. ஆயினும் தம் பள்ளியின் தேவையைக் கணக்கிட்டு, ஊரார்முன் எடுத்துரைத்து, பெற்றதைப் பயன்படுத்திக் காட்டுதல் என்னும் முறை, திறன் நம்பிக்கையின் முதல் ஊற்றைத் திறந்துவிடக்கூடியது. பொருள் திரட்டும் சுமையைத் தலைமையாசிரியர்மீதும் ஊரார்மீதும் ஏற்றி அரசு விலகிக்கொள்ளுதல் கூடாது என்னும் எச்சரிக்கையோடு இம்முன்மாதிரியை இன்று பயில வேண்டும்.

7. எழக்கூடிய மறுப்புகள்

வினை மையப் பயிற்சியை வற்புறுத்தும்போது மூன்று மறுப்புகள் எழலாம். முதலாவது, இது தலைமைப் பணியைப் படிவம் நிரப்பும் எழுத்தர் பணியாகச் சுருக்கிவிடும் என்பது. மேற்காட்டிய நான்கு வினைகளும் அவ்வாறானவை அல்ல; ஒவ்வொன்றிலும் ஓர் அறத்தேர்வு உள்ளது. குழந்தையைச் சேர்ப்பதா, திருப்பி அனுப்புவதா என்பது படிவம் பற்றிய வினா அன்று.

இரண்டாவது, மிகை நம்பிக்கையும் தீங்கு என்பது. இம்மறுப்பு வலுவுடையது. திறனின்றித் துணிவு மட்டும் வளர்ந்த தலைவர், ஆசிரியர் அறையின் குரலைக் கேளாதவராகலாம். எனினும் இது பொதுவான தன்னம்பிக்கையை வளர்க்கும் பயிற்சிக்கு எதிரான மறுப்பே. வினையோடு பிணைந்த நம்பிக்கை, செய்து பார்த்தலால் தன் எல்லையையும் தானே அறிகிறது.

மூன்றாவது, சிக்கல் பயிற்சியில் இல்லை. காலிப் பணியிடம், எழுத்தர் இன்மை, நிதித் தாமதம் ஆகியவற்றில் உள்ளது என்பது. இதனை மறுக்க இயலாது. நிருவாகக் குறையைத் தனிமனிதரின் மனக்குறையாக மாற்றிக் காட்டுவதற்குத் ‘தன்னம்பிக்கைப் பயிற்சி’ எளிதில் கருவியாகிவிடும். அதனாலேயே, எது தலைமையாசிரியர் கற்க வேண்டியது, எது அரசு செய்ய வேண்டியது என்னும் பகுப்பு பயிற்சியின் முதல் அமர்விலேயே வெளிப்படையாக அமைதல் வேண்டும்.

8. பரிந்துரைகள்

மேற்கண்ட திறனாய்வின் அடிப்படையில் பின்வருவன முன்வைக்கப்படுகின்றன.

அ) பதவி உயர்வு ஆணைக்கும் பொறுப்பேற்புக்கும் இடையில், அதே பள்ளியில் முந்தைய தலைமையாசிரியருடன் இணைந்து பணியாற்றும் சில நாள்கள் ஒதுக்கப்படுதல் வேண்டும். அவர் ஓய்வு பெற்றிருப்பின் அருகிலுள்ள பள்ளித் தலைமையாசிரியர் அவ்விடத்தை நிரப்பலாம்.

ஆ) முதலாண்டுப் பயிற்சியின் பெரும்பகுதி குறுவள மைய அளவில், ஐந்து அல்லது ஆறு பள்ளிகளின் புதிய, சற்றே மூத்த தலைமையாசிரியர்கள் கூடும் சிறு குழுவாக அமைதல் வேண்டும். பொழிச்சலூர், பம்மல், அனகாபுத்தூர்ப் பள்ளிகள் ஊராட்சி, மாநகராட்சி என்னும் பாகுபாட்டைக் கடந்து ஒரே குழுவில் இணைதல் பயன் தரும்.

இ) ஒவ்வொரு கூடுகையும் ஒரு வினையை எடுத்துக்கொள்ளுதல் வேண்டும்: ஆவணமற்ற சேர்க்கை, மேலாண்மைக் குழுக் கூட்டம், வகுப்பு உற்றுநோக்கல் என. கூடுகைக்கு முன் செய்து பார்த்தலும் பின் திருத்திச் செய்தலும் பயிற்சியின் உறுப்புகளாதல் வேண்டும்.

ஈ) வழிகாட்டுநராக அமைபவர் மதிப்பீட்டு அதிகாரம் உடையவராக இருத்தல் கூடாது. வட்டாரக் கல்வி அலுவலரிடம் கேட்கத் தயங்கும் ஐயத்தையும் கேட்கத்தக்க ஒருவர் வேண்டும்.

உ) பொறுப்புத் தலைமையாசிரியர்களும் இப்பயிற்சிக்கு உரியவர்களாகக் கொள்ளப்படுதல் வேண்டும். பணியைச் செய்பவருக்கே பயிற்சி. பதவியின் பெயருக்கு அன்று.

ஊ) பயிற்சியின் பயனை மணிக்கணக்கால் அளவிடாமல், குறிப்பிட்ட வினைகளில் தொடக்கத்திலும் ஆண்டு முடிவிலும் உள்ள திறன் நம்பிக்கையின் வேறுபாட்டால் அளவிட முயலலாம். அதற்குத் தமிழ்ச் சூழலுக்கேற்ற அளவுகோல் உருவாக்கப்படுதல் வேண்டும்; அயல்மொழி அளவுகோலின் சொற்பெயர்ப்பு போதாது.

முடிவுரை

புதிய தலைமையாசிரியரிடம் குறைவாக இருப்பது பொதுவான தன்னம்பிக்கை அன்று. முன்செய்தறியாத வினைகளைச் செய்து பார்க்கும் பாதுகாப்பான வாய்ப்பும், ஐயம் கேட்கத்தக்க துணையுமே. 2014ஆம் ஆண்டுச் சட்டகம் தலைமையின் பண்புகளைத் தெளிவாக வரைந்துள்ளது. அப்பண்புகள் உருவாகும் வினைகளை வட்டாரந்தோறும் வகுப்பதே அடுத்த பணி. அப்பணிக்குத் தேவையான கருத்து வளம் பந்துராவின் கோட்பாட்டில் மட்டுமன்றி, அவையறிதலை அவையஞ்சாமைக்கு முன் வைத்த தமிழ் மரபிலும் உள்ளது. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டங்களின் உரையாடல்கள், முதலாண்டுத் தலைமையாசிரியர்களின் பணி நாட்குறிப்புகள், பெண் தலைமையாசிரியர்கள் உள்ளாட்சி அமைப்புகளை எதிர்கொள்ளும் முறை ஆகியவை களஆய்வுக்குரிய தலைப்புகளாக எஞ்சி நிற்கின்றன. கல்வியியலும் தமிழியலும் இணைந்து மேற்கொள்ளத்தக்க இவ்வாய்வுகள் நிகழுமாயின், கல்வியாண்டின் இடையில் சான்றிதழின்றி வாயிலில் நிற்கும் குழந்தைக்கு அன்றே விடை சொல்லும் தலைமையாசிரியர்கள் உருவாதல் கூடும்.